ஊரில் கெண்டோ தேடி அலைந்த விடுமுறை

ஜப்பானில் இருக்கும் எனக்கு, ஊருக்கு வந்து நீண்ட நாள் தங்கினால் கெண்டோ பயிற்சி அறுந்துபோவது பெரிய குறை. அதனால் இந்த முறை கிளம்பும் முன்பே தேடத் தொடங்கிவிட்டேன்.

'ஜப்பானிய வாள் கலை' என்று போட்ட பலகைகளுக்குக் குறைவே இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. கெண்டோ என்றால் கவசம் போட்டுக்கொண்டு, ஷினாய் என்ற மூங்கில் பயிற்சி வாளால் எதிரில் நிற்பவரோடு மோதிப் பழகுவது. இயாய்டோ தனியாகச் செய்வது: உறையிலிருந்து உருவி, வெட்டி, மறுபடி உறைக்குள் போடும் வரிசைகள். இவற்றுக்கெல்லாம் முந்தைய மரபுப் பள்ளிகளும் இருக்கின்றன. 15ஆம் நூற்றாண்டில் தோன்றிய கத்தோரி ஷிந்தோ ர்யூ அப்படி ஒன்று. எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

முதலில் போன இடம் ஒரு கராத்தே பள்ளி. வாளுக்கும் கலர் கலராக பெல்ட் கொடுத்தார்கள். கெண்டோவில் பெல்ட் நிறமே கிடையாது. டான் என்ற தேர்ச்சிப் படியில் எட்டாவதில் இருப்பவரும் புதிதாக வந்தவரும் ஒரே மாதிரிதான் உடுத்துவார்கள். "உங்களுக்கு எந்தச் சம்மேளனம் டான் கொடுத்தது?" என்று கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டார்கள். அது கூடப் பரவாயில்லை. சிறுவர்கள் கையில் சுவரில் மாட்டும் அலங்கார இரும்பு வாளைக் கொடுத்து, எதிரெதிரே நிற்க வைத்து வீசச் சொன்னார்கள். அந்த மாதிரி வாள்களில் பலவற்றில் பிடிக்குள் இருப்பது ஒட்டவைத்த மெல்லிய கம்பிதான். வேகமாக வீசினால் அலகு கழன்று பறக்கும். இதை அங்கேயே சொல்லிவிட்டுத்தான் வந்தேன். பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர் இந்த ஒன்றையாவது கவனியுங்கள்.

அப்புறம் கிடைத்தது, வாடகைக்கு எடுத்த பேட்மின்டன் அரங்கில் காலையில் கூடும் சின்னக் குழு. நடத்துபவர் ஓர் இளம்பெண். போனிலேயே, "அண்ணா, நான் ரெண்டாம் டான்தான். பெரிய சென்செய் (ஆசிரியர்) யாரும் இங்க இல்ல, சேர்ந்து பழகுறோம், வாங்க" என்றார். யாரிடம் கற்றார், எங்கே தேர்வு எழுதினார் என்பதையும் நான் கேட்காமலே சொன்னார். அந்தப் பேச்சிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

போனதும் முதலில் பார்த்தது, எல்லோரும் உட்கார்ந்து ஷினாயைத் தடவிக்கொண்டிருந்ததை. நான்கு மூங்கில் பட்டைகளின் ஓரத்தையும் விரலால் சோதிக்கிறார்கள். சிலாம்பு தெரிந்தால் சீவி எண்ணெய் பூசுகிறார்கள், பட்டை பிளந்திருந்தால் அந்த ஷினாய் ஓரமாகப் போய்விடும். பிளந்த மூங்கில் முகக்கவசத்தின் கம்பிகளுக்கு இடையே நுழைந்து கண்ணைக் குத்திவிடும் என்பதால்தான் இவ்வளவு கவனம். பெரிய டோஜோக்களிலேயே (பயிற்சிக் கூடங்களிலேயே) சிலர் இதில் அலட்சியமாக இருப்பார்கள்.

தரை சிமென்ட். ஜப்பானில் கொஞ்சம் துள்ளல் உள்ள மரத்தரையில் வலது காலை ஓங்கி மிதித்து அடிப்போம். அதையே சிமென்டில் வெறுங்காலோடு செய்தால் குதிகால் போய்விடும். அவர் மிதிப்பதை நிறுத்திவைத்து, பாதத்தை வழுக்கி நகர்வதை மட்டும் பழக்குகிறார். சரியான முடிவு.

கவசம் சிலரிடம்தான் இருந்தது. அதனால் நேரத்தில் பாதி கதாவுக்கு, அதாவது இருவர் சேர்ந்து செய்யும் வகுத்துவைத்த அசைவு வரிசைகளுக்குப் போகிறது. 1912இல் வகுத்த நிப்போன் கெண்டோ கதாவில் மொத்தம் 10 வரிசைகள், 7 நீண்ட வாளுக்கு, 3 குட்டை வாளுக்கு. மர வாள் இருந்தால் போதும். அங்கே இரண்டு கல்லூரி மாணவர்கள் மூன்றாவது வரிசையைச் செய்தபோது இடைவெளியைக் கணித்த விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அடிக்கிற அவசரமே இல்லை.

அவர்களுக்கு உண்மையான கஷ்டம் தேர்வுதான். முதல் டான் எழுத 13 வயதும், டானுக்கு முந்தைய படியான முதல் க்யூவும் வேண்டும். அதோடு, மதிப்பிடும் மூத்தவர்கள் குழுவாகக் கூட வேண்டும். பயிற்சி தயாராக இருந்தாலும் அதற்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

இயாய்டோவுக்கு நம்பகமான ஆள் யாரும் கிடைக்கவில்லை. வீடியோ பார்த்துப் பழகலாமா என்று ஒருவர் கேட்டார், வேண்டாம் என்றேன். உறையைப் பிடிக்கும் இடதுகை விரல்கள் எங்கே இருக்கின்றன என்று பக்கத்தில் நின்று திருத்த ஆள் இல்லாமல் அதைத் தொடக்கூடாது.

விடுமுறைக்கு வரும் கெண்டோக்காரர்கள் கவசத்தைக் கொண்டுவாருங்கள். ஷினாய் 120 சென்டிமீட்டர் வரை நீளம், கைப்பையோடு விமானத்தில் ஏற்ற முடியாது. நீளமான சாமான்களுக்கு என்ன விதி என்று முன்பே விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். கவசத்தோடு அடி வாங்கி நிற்க ஒருவர் கூடுதலாக வந்தாலும் அந்தக் குழுவுக்கு அன்றைய பயிற்சியே வேறு மாதிரி ஆகிவிடுகிறது.