கறுப்பு வளையமும் முட்டை வடிவமும்: இரு கார் சின்னங்கள்

2020 மார்ச்சில் பி.எம்.டபிள்யூ தன் சின்னத்தின் கறுப்பு வளையத்தை நீக்கி, முப்பரிமாணச் சாயலையும் அகற்றித் தட்டையாக்கியபோது, பொலிவு போய்விட்டது என்ற கேலி எழுந்தது. ஆயினும் அம்மாற்றம் விளம்பரங்களுக்கும் இணையத்துக்கும் மட்டுமே உரியது. கார்களின் முகப்பில் அப்போது பழைய வளையமே தொடர்ந்ததால், இந்நிறுவனத்தின் ஆலையையே அருகில் கொண்டுள்ள சென்னையின் சாலைகளில் வேறுபாடு எதுவும் தெரிந்திருக்காது.

கியா அவ்வளவு தயங்கவில்லை. 2021 ஜனவரியில் அது முட்டை வடிவ வளையத்தைக் கைவிட்டு, மூன்று ஆங்கில எழுத்துகளையும் ஒரே கோடாக இணைத்து, அதனைக் கார்களின் மீதே பொறிக்கத் தொடங்கியது. 'ஏ' எழுத்துக்குக் குறுக்குக்கோடு இல்லாமையால், அதுவும் நடுவிலுள்ள 'ஐ'யும் சேர்ந்து இடவலம் மாறிய 'என்' போலத் தெரிகின்றன; இதனால் 'கே.என்.' என்று ஒரு கார் நிறுவனம் இருப்பதாக எண்ணிப் பலர் இணையத்தில் தேடினர். அண்ணா சாலை சிக்னலில் முன்னால் நிற்கும் கியாவின் செல்டோஸ் காரின் பின்புறத்தைச் சில நொடிகள் பார்த்தால் அக்குழப்பம் யாருக்கும் நேரக்கூடியதே. (தமிழில் 'கியா' என்று எழுதியிருந்தால் இந்த வம்பே இல்லை.)

என் பார்வையில் கியாவின் வடிவமே துணிவானது. புரியாமல் தேடியவர்களும் அதன் பெயரைத் தெரிந்துகொண்டே திரும்பினர். பி.எம்.டபிள்யூவின் தட்டைச் சின்னம் கைப்பேசித் திரைக்குப் பொருந்தினாலும், வெள்ளைப் பின்னணியில் வளையம் இருந்த இடம் வெறுமையாகவே தெரிகிறது.