பழைய ஆல்டோவின் மைலேஜை மீட்டுக் கொடுத்த கணபதி ஒர்க்‌ஷாப்

என்னுடையது 2009 மாடல் ஆல்டோ. 796 சிசி, மூன்று சிலிண்டர். கோவையில் துடியலூரிலிருந்து காந்திபுரம், அப்புறம் திரும்ப வீடு, நடுவில் பிள்ளையின் டியூஷன் என்று பெரும்பாலும் குறைந்த தூர ஓட்டம்தான். ஊருக்குள்ளேயே லிட்டருக்கு 16 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, 12-க்கு இறங்கிவிட்டது. ஃபுல் டேங்க் அடித்து, ஓடிய கிலோமீட்டரைக் குறித்து, மறுபடி ஃபுல் டேங்க் அடித்துப் போட்ட கணக்கு இது. ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் இஞ்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிக்கும் பாகம்) க்ளீனிங், டீகார்பனைசிங் (இஞ்சினில் படிந்த கரியை நீக்குவது) என்று 9,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அதனால்தான் கணபதியில் லேத் பட்டறைகளுக்கு நடுவே இருக்கும் இந்தச் சின்ன ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஒரே சமயத்தில் இரண்டு வண்டிதான் நிற்கும். மெக்கானிக் பானட்டைத் திறக்கும் முன்பே என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். கணபதியிலிருந்து சரவணம்பட்டி வரை போய்த் திரும்பினோம். வழியெல்லாம் அவர் பார்த்தது டெம்பரேச்சர் முள்ளை மட்டும்தான்.

“முள்ளு மேலயே வரலைங்க்கா. தெர்மோஸ்டாட் வால்வையே எடுத்துட்டாங்க போல.”

கழற்றிப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. முன்பு ஒருமுறை வண்டி சூடானபோது வேறொரு இடத்தில் பார்த்தவர்கள் வால்வை எடுத்துவிட்டு மூடியிருக்கிறார்கள். நம் ஊரில் இது சர்வசாதாரணமாக நடக்கிறது, கேட்கவே வருத்தமாக இருக்கிறது. இஞ்சின் தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டும்வரை அதை ரேடியேட்டர் பக்கம் விடாமல் நிறுத்தி வைப்பதுதான் அந்த வால்வின் வேலை. அது இல்லாவிட்டால் இஞ்சின் சூடேற வெகுநேரம் ஆகும். தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது என்று சென்சார் சொல்லிக்கொண்டே இருக்க, வண்டியின் கம்ப்யூட்டரும் பெட்ரோலைக் கூடுதலாகவே தெளிக்கும். சில கிலோமீட்டரிலேயே நின்றுவிடும் என்னுடையது போன்ற ஓட்டத்துக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்தது, அவர் உடனே புது வால்வைப் போட்டு அனுப்பிவிடவில்லை என்பதுதான். அன்றைக்கு ஏன் சூடானது என்று தேடினார். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்து, பிரஷர் நிற்காமல் போயிருந்தது. மூடியை மாற்றி, ஃபேன் சரியான நேரத்தில் ஓடுகிறதா என்று பார்த்து, கூலன்ட் ஊற்றிய பிறகுதான் வால்வு.

அடுத்து ஜாக்கி வைத்து நான்கு சக்கரத்தையும் கையால் சுற்றினார். முன்பக்க இடது சக்கரம் ஒரு சுற்றுகூட வராமல் நின்றது. பிரேக் பேடை அழுத்தும் கேலிப்பர் நகர்வதற்கான பின் (pin) துருப்பிடித்து, பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. சுத்தம் செய்து கிரீஸ் வைத்ததும் லேசாகச் சுற்றியது. மூன்று ஸ்பார்க் பிளக்கும் புதிது. டயர் சூடாவதற்கு முன்பே காற்று அளவு பார்த்துப் பிடித்தார்.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் ‘ஃபியூயல் சேவர்’ பற்றிக் கேட்டேன். அது பேட்டரி கரண்டை எடுக்கும், இஞ்ஜெக்டருக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது என்று சொல்லி, விற்க மறுத்துவிட்டார். இஞ்ஜெக்டர் க்ளீனிங்கும் இப்போது தேவையில்லை என்றார்.

எல்லாம் சேர்த்து 2,850 ரூபாய். கழற்றிய பழைய பொருளையெல்லாம் ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்தார்.

இப்போது ஊருக்குள் 15 கிடைக்கிறது. பழைய 16 வராது என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார், காரணம் 20 சதவீதம் எத்தனால் கலந்த E20 பெட்ரோல். பெட்ரோலைவிட எத்தனாலில் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு. E10-க்கு (10 சதவீத எத்தனால்) ட்யூன் செய்த பழைய கார்களில் E20 போட்டால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று 2021-இல் நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. எந்த மெக்கானிக்காலும் அதை மீட்க முடியாது. ‘பழையபடி ஆக்கித் தர்றேன்’ என்று வாக்குக் கொடுக்காத இவரை அதனாலேயே நம்புகிறேன்.

குறையும் உண்டு. மாலை தருவதாகச் சொன்ன வண்டி மறுநாள் மதியம்தான் கிடைத்தது, நாம் கூப்பிட்டுக் கேட்டால்தான் தகவல். வீல் அலைன்மென்ட் இங்கே கிடையாது, வெளியே போக வேண்டும். உட்கார ஒரு ஸ்டூல் மட்டுமே.

போவதாக இருந்தால், இரவு முழுக்க நின்று ஆறிய வண்டியைக் காலையில் முதல் ஆளாகக் கொண்டுபோங்கள். குளிர்ந்த இஞ்சினிலிருந்து முள் எப்படி ஏறுகிறது என்று பார்த்தால்தான் அவரால் சரியாகச் சொல்ல முடியும். ஞாயிறு விடுமுறை.