திருக்கைத் தொட்டிக்கு ஏபிஐ மாஸ்டர் டெஸ்ட் கிட் போதுமா?

தண்ணீரில் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஹெச் ஆகியவற்றைச் சொட்டு மருந்து விட்டு நிறத்தால் அளக்கும் இந்தப் பெட்டி முக்கால்வாசி போதும். மீதிக் காலில்தான் நன்னீர்த் திருக்கைகள் செத்துப்போகின்றன.

கடல் திருக்கைகள் யூரியாவை உடம்பிலேயே தேக்கி வைக்கும். மோட்டோரோ, லியோபோல்டி போன்ற ஆற்றுத் திருக்கைகளுக்கு அந்த வழக்கம் இல்லை. கழிவு பெரும்பாலும் அம்மோனியாவாகவே தண்ணீரில் இறங்குகிறது. ஃபில்டர் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். தீனியோ முழுக்கப் புரதம். அதனால் அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0, நைட்ரேட் 20 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 20 பங்கு), இதுதான் இலக்கு.

அம்மோனியா சோதனையில் குறையில்லை. 5 மில்லி தண்ணீரில் இரண்டு பாட்டிலிலிருந்தும் 8 சொட்டு, 5 நிமிடம் பொறுத்தால் நிறம். மஞ்சள் என்றால் நிம்மதி. பச்சை லேசாகத் தட்டினாலும் அன்றைய தீனியை நிறுத்துங்கள். ஒரு சங்கடம்: குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்த குழாய்த் தண்ணீரைக் குளோரின் நீக்கி ஊற்றி மாற்றிய கையோடு சோதித்தால், மருந்து கட்டிப்போட்ட அம்மோனியாவும் சேர்ந்தே காட்டும். மறுநாள் பார்த்து முடிவு செய்வது நல்லது. நைட்ரைட்டுக்கு 5 சொட்டுதான், சிக்கலே இல்லை.

நைட்ரேட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டாம் பாட்டிலில் மருந்து அடியில் படியும். அதை 30 விநாடி ஓங்கிக் குலுக்க வேண்டும், கலந்த பிறகு சோதனைக் குழாயை இன்னொரு நிமிடம். சோம்பல்பட்டால் 80 இருக்கும் தண்ணீர் 10 என்று காட்டும். 40க்கு மேல் எல்லாச் சிவப்பும் ஒன்றுபோல்தான் தெரியும். தொட்டித் தண்ணீர் 1 மில்லியோடு காய்ச்சி வடித்த நீர் 4 மில்லி சேர்த்துச் சோதித்து, வந்ததை 5ஆல் பெருக்குங்கள்.

இன்னொரு திருக்கை விடலாமா என்ற கேள்விக்கும் இந்தக் குழாயே பதில் சொல்லும். தண்ணீர் மாற்றிய அன்றும் 7 நாள் கழித்தும் நைட்ரேட் பாருங்கள். புதுத் தண்ணீரில் நைட்ரேட் இல்லை என்றால், வார ஏற்றத்தை மாற்றும் விகிதத்தால் வகுத்தால் உச்ச அளவு கிடைக்கும். வாரம் 10 ஏறி, பாதித் தண்ணீர் மாற்றினால் உச்சம் 20. அதே அளவு தின்னும் இன்னொன்று வந்தால் 40. இடக்கணக்கு தனி: தொட்டியின் அகலம் வளர்ந்த திருக்கையின் வட்டின் (தட்டையான வட்ட உடம்பின்) இரு மடங்காவது வேண்டும், உயரம் பெரிதாக உதவாது. ஆணும் பெண்ணும் சேர்ந்தால் ஆண் பெண்ணின் வட்டோரத்தைக் கடிக்கும். ஒரு ஆணுக்கு இரண்டு பெண் இருந்தால் கடி பகிர்ந்துபோகும். இதை எந்தச் சொட்டும் காட்டாது.

பெரிய குறைக்கு வருவோம். பெட்டியில் கேஹெச் சோதனை, அதாவது பிஹெச் சரியாமல் தாங்கும் கார்பனேட் காரத்தன்மையை அளக்கும் சோதனை, கிடையாது. ஃபில்டர் பாக்டீரியா அம்மோனியாவை மாற்றும்போதெல்லாம் காரத்தன்மையைத் தின்கிறது. அது தீர்ந்ததும் பிஹெச் சரிகிறது, பாக்டீரியா மந்தமாகிறது, அம்மோனியா சேர்கிறது. சாதாரண பிஹெச் குழாய் 6.0க்குக் கீழே காட்டாது. தண்ணீர் 5க்குப் போயிருந்தாலும் அதே மஞ்சள்தான். அமிலத் தண்ணீரில் அம்மோனியா அதிகம் கடிக்காது என்பதால் மீனும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். அம்மோனியா அளவைப் பார்த்துப் பதறி, பிஹெச் 8 உள்ள புதுத் தண்ணீரைப் பாதி ஊற்றினால் அம்மோனியாவின் விஷப் பங்கு பல மடங்கு ஏறும். 27 டிகிரியில் பிஹெச் 7ல் மொத்த அம்மோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவுதான் விஷ வடிவம். 8ல் ஏறக்குறைய 6 சதவீதம். வட்டோரம் மேல்நோக்கிச் சுருளத் தொடங்கினால் பெரும்பாலும் நேரம் கடந்துவிட்டது.

எனவே கேஹெச் கிட்டைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். 5 மில்லி தண்ணீர் நீலத்திலிருந்து மஞ்சளுக்கு மாற எத்தனை சொட்டு ஆகிறதோ அத்தனை டிகிரி கேஹெச். இரண்டு சொட்டிலேயே மாறினால், தண்ணீரைச் சிறுசிறு அளவாக அடிக்கடி மாற்றத் தொடங்குங்கள்.

குழாய் மூடிகள் சற்றே ஒழுகும், குலுக்கும்போது கையுறை போடுங்கள். ஒரு சோதனைக்கு வைத்த மூடியை இன்னொன்றுக்கு மாற்றிப் போடாதீர்கள்.