சேலத்து வெயிலில் சீரம் அடுக்கு: 6 மாதப் பயன்பாட்டில் எது நிலைத்தது?

முகத்தில் சொட்டுச் சொட்டாகத் தடவும் சீரம் எதுவும் பிறவி நிறத்தை மாற்றாது. பரு ஆறிய இடத்துக் கறுப்பு, வெயிலில் கறுத்த நெற்றி, வாயோரத் திட்டு, இவைதான் குறையும். அதற்கே 8 முதல் 12 வாரம் பிடிக்கும். பத்தே நாளில் பாட்டிலை மாற்றுபவர்களுக்கு எதுவும் வேலை செய்யாமல் போவது இதனால்தான்.

காலையில் இரண்டு சீரம் போதும். முகம் கழுவி ஈரம் ஒற்றியெடுத்தபின் 10% வைட்டமின் சி 4 சொட்டு. 2 நிமிடம் கழித்து 5% நயாசினமைடு 3 சொட்டு. முன்னது தோலைக் கறுக்க வைக்கும் மெலனின் நிறமி உருவாவதைக் குறைக்கும். பின்னது உருவான மெலனின் மேல்தோல் செல்களுக்குப் போவதைத் தடுக்கும். இரண்டும் சேரக்கூடாது என்பது பழைய பேச்சு, பயப்பட வேண்டாம். நயாசினமைடு 10% வாங்கினால் பலன் இரட்டிப்பாகாது, பலருக்கு எரிச்சல்தான் மிச்சம்.

மேலே சன்ஸ்கிரீன் தடவும்போது அழிரப்பர் தூள்போல உருண்டு வருகிறதா? அடியில் போட்டது காயவில்லை, அல்லது அளவு மிஞ்சிவிட்டது. சொட்டைக் குறைத்து, தேய்க்காமல் உள்ளங்கையால் ஒற்றுங்கள்.

நம்மூரில் பணம் வீணாவது பெரும்பாலும் வைட்டமின் சியில்தான். கத்திரி வெயிலில் குளியலறை அலமாரியில் வைத்தால் சீக்கிரமே டிக்காஷன் நிறத்துக்கு வந்துவிடும். அதன்பின் போடுவதில் பயனில்லை. சிறிய பாட்டிலாக வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் வையுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் சோப்பின் படிவு தோலிலேயே தங்கி வறட்சியைக் கூட்டும். சோப்பை விட்டு மென்மையான ஃபேஸ்வாஷுக்கு மாறினாலே சீரம் போடும்போது எரிவது குறையும்.

இரவில் கறுப்பைக் குறைக்கும் 10% அசெலாயிக் அமில கிரீம், பட்டாணி அளவு. முதல் மாதம் ஒன்றுவிட்டு ஒருநாள். ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை) சேர்ப்பதானால் வேறு இரவில், வாரம் 2 முறை. கர்ப்பிணிகளுக்கு ரெட்டினால் கூடாது.

ஏற்காட்டுக்காரர்கள் பனிமூட்டத்தை நம்பி சன்ஸ்கிரீனை விடுவதுதான் பெரிய வருத்தம். உயரம் 1000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் 10% கூடும். ஏற்காடோ 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேகமும் அதை முழுதாக மறைக்காது. முகம், கழுத்துக்கு இரண்டு விரல் நீளம் எஸ்பிஎஃப் 50, வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை. மங்கு உள்ளவர்கள் அயர்ன் ஆக்சைடு சேர்ந்த, நிறமூட்டிய சன்ஸ்கிரீனையே வாங்குங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கருக்க வைக்கும்.

இதோடு 'வெள்ளையாக்கும்' டியூப் எதையும் கலக்காதீர்கள். பின்பக்கத்தில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, ரத்த நரம்பு வெளியே தெரியும். ஏற்கெனவே போட்டுவருபவர்கள் சட்டென நிறுத்தினால் முகம் சிவந்து கொதிக்கும். தோல் மருத்துவர் சொல்படி படிப்படியாக விடுங்கள், சீரமெல்லாம் அதற்குப் பிறகு.