ஹிட் பாட்டுத் தொகுப்புகள்: எது தேறும், எது தேறாது?

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பாப் பாட்டுகளையெல்லாம் மொத்தமாகக் கேட்க வேண்டும் என்ற ஆசையை நம்பி, பிரிட்டனில் ஐம்பது வருடத்துக்கும் மேலாகப் பலர் ஹிட் பாட்டுத் தொகுப்புகளோடு கடை விரித்திருக்கிறார்கள். இவற்றில் எது மேல் என்று பார்க்கும்போது, பாட்டுத் தேர்வு எப்படி என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நான் முதலில் பார்ப்பது பாட்டின் மூலப் பதிவுக்கான உரிமை யார் கையில் இருக்கிறது என்பதை. நல்லதோ கெட்டதோ, மிச்சமெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

உரிமை கையில் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு, 1968-ல் ஹால்மார்க் லேபிள், அதாவது இசைத்தட்டு நிறுவனம், தொடங்கிய 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' இசைத்தட்டுகளே சாட்சி. அட்டையில் ஹிட் பாட்டுகளின் பெயர் இருக்கும். உள்ளே பாடுவது வேறு யாரோ. பாட்டை எழுதியவருக்கான தொகையைக் கட்டிவிட்டு, கூலிக்குப் பாடுபவர்களை வைத்துப் புதிதாகப் பதிவு செய்துவிடலாம், மூலப் பதிவின் சொந்தக்காரரிடம் போய் நிற்க வேண்டியதில்லை. பிபிசியில் இதே பெயரில் வந்த நிகழ்ச்சிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. விலை மலிவு, அதனால் 1971-ல் பிரிட்டனின் ஆல்பம் விற்பனைப் பட்டியலில் முதலிடமே பிடித்தது. அப்புறம் மலிவு விலைத் தட்டுகளைப் பிரதானப் பட்டியலிலிருந்து விலக்கிவிட்டார்கள். பெயர் வாங்குவதற்கு முன்பு எல்டன் ஜானும் இந்த மாதிரி நகல் பதிவுகளில் பாடியிருக்கிறார். வேடிக்கைக்குக் கேட்கலாம், அவ்வளவுதான்.

கனடாவில் பிறந்த கே-டெல் நிறுவனம் 1972-ல் மூலப் பதிவுகளோடு பிரிட்டனுக்கு வந்தது. டிவி விளம்பரம், ஒரே தட்டில் 20 பாட்டு. இங்கேதான் சிக்கல். ஒரு பக்கத்தில் பத்துப் பாட்டைத் திணித்தால் வரிப்பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். ஒலி மெலியும், பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலி குறையும். அதுவும் போதாமல் பாட்டுகளையே கத்தரித்தார்கள். குரல் அசல், பாட்டு முக்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான போட்டி 1983-க்குப் பிறகுதான். அந்த வருடம் நவம்பரில் வர்ஜின், இஎம்ஐ என்ற இரண்டு பெரிய லேபிள்கள் சேர்ந்து 'நவ் தட்ஸ் வாட் ஐ கால் மியூசிக்' தொகுப்பைக் கொண்டுவந்தன. வெளியாருக்கு உரிமையை வாடகைக்கு விடுவதற்குப் பதிலாக, லேபிள்களே கடையைத் திறந்துவிட்டன. இரட்டைத் தட்டில் 30 பாட்டு. பக்கத்துக்கு ஏழெட்டுதான், அதனால் நெருக்கித் திணிக்கும் தேவை குறைவு. வர்ஜினிடம் பாடகர் பில் காலின்ஸும் கல்ச்சர் கிளப் குழுவும், இஎம்ஐயிடம் டுரான் டுரான் குழுவும் இருந்தபோது பாட்டுக்கு ஏது பஞ்சம்?

ஆனால் எல்லாரும் அவர்களிடம் இல்லையே. மைக்கேல் ஜாக்சனும் வாம் குழுவும் சிபிஎஸ் பக்கம், மடோனாவும் பிரின்ஸும் டபிள்யூஇஏ பக்கம். இந்த இரண்டு லேபிள்களும் கைகோத்து 1984 கடைசியில் 'தி ஹிட்ஸ் ஆல்பம்' வெளியிட்டன. அந்தக் கிறிஸ்துமஸ் சமயத்தில் அது முதலிடத்தில் உட்கார்ந்துகொள்ள, நவ் தொடரின் நான்காவது தொகுப்பான 'நவ் 4' இரண்டாம் இடத்தோடு நின்றது. அமெரிக்க நட்சத்திரங்கள் வேண்டும் என்பவருக்கு அன்று ஹிட்ஸ்தான் சரியான தேர்வு என்பேன். பாதிக்கப்பட்டது வாங்குபவர்தான்: 'எல்லா ஹிட்டும்' வேண்டுமென்றால் இரண்டையும் வாங்கியாக வேண்டும். இப்படிப்பட்ட தொகுப்புகள் உச்சியை அடைத்துக்கொண்டதால், 1989 ஜனவரியில் அவற்றுக்குத் தனிப் பட்டியலே போட்டுவிட்டார்கள்.

பிறகு ஏன் நவ் நிலைத்தது? 1986-ல் பாலிகிராம் என்ற இன்னொரு லேபிளும் சேர்ந்ததால் பாட்டுக் கையிருப்பு பெருகியது. இன்னொன்று, அந்த எண். ஹிட்ஸ் தொடர் தொண்ணூறுகளில் பெயரை மாற்றிக்கொண்டே இருந்தது. நவ் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போய் 2018 ஜூலையில் 100-ஐத் தொட்டது. எண் இருந்தால் சேகரிப்பவர் நடுவில் ஒன்றை விட மாட்டார்.

பிளேலிஸ்ட் இந்த உரிமைச் சண்டையைப் பெரும்பாலும் இல்லாமல் செய்துவிட்டது. ஸ்பாட்டிஃபையில் எந்த லேபிளின் பாட்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும், பட்டியல் அடிக்கடி புதுப்பிக்கப்படும். நவ் வருடத்துக்கு மூன்று முறைதான் வரும். கோடையில் கிளம்பிய பாட்டு நவம்பர் தொகுப்பில் ஏறும்போது பாதி ஆறிப்போயிருக்கும். இன்று என்ன ஓடுகிறது என்று தெரிய வேண்டுமானால் தட்டு வாங்குவது வீண். 'பெரும்பாலும்' என்று சொல்லக் காரணம் உண்டு: 2014-ல் டெய்லர் ஸ்விஃப்ட் தன் ஆல்பங்களை ஸ்பாட்டிஃபையிலிருந்து எடுத்துவிட்டார், 2017-ல்தான் திரும்பக் கொடுத்தார். காசு கொடுத்து வாங்கிய தட்டிலிருந்து அப்படி யாரும் பாட்டை உருவ முடியாது.

பிளேலிஸ்ட்டில் போன வாரத்துப் பட்டியலை இந்த வாரத்துப் பட்டியல் அழித்துவிடும். 1984-ல் என்ன ஓடியது என்பதை, எல்லோரும் மறந்துபோன அரைகுறை ஹிட்டுகள் உட்பட, அப்படியே வைத்திருப்பது பழைய நவ் தட்டுதான். எனக்கு அந்த மறந்துபோன பாட்டுகள்தான் சுவாரசியம். நவ் நடத்துபவர்களுக்கும் இந்த மதிப்பு தெரிந்திருக்கிறது: 2021 முதல் ஒவ்வொரு பழைய வருடத்துக்கும் 'இயர்புக்' என்று தனித் தொகுப்பு போடுகிறார்கள். முதலில் எடுத்த வருடம் 1983.