பால் வற்றும் மாட்டுக்கு மருந்து: எல்லாவற்றுக்குமா, தேவையானவற்றுக்கு மட்டுமா?

அடுத்த ஈற்றுக்கு முன் கறப்பதை நிறுத்தி, கறவை மாட்டின் பாலை வற்றவைக்கும் நாளில் நான்கு காம்புகளிலும் ஆன்டிபயாட்டிக் ஏற்றிவிடுவது கால்நடை மருத்துவத்தில் அரை நூற்றாண்டுக்கு மேலான வழக்கம். 1960களில் பிரிட்டனில் வகுக்கப்பட்ட ஐந்து அம்ச மடிநோய்த் தடுப்புத் திட்டத்தில் அதுவும் ஒன்று. தொற்று இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. எல்லா மாட்டுக்கும் உண்டு. இன்னொரு வழி, தொற்றுள்ள மாட்டுக்கு மட்டும் மருந்து கொடுத்து, மற்றவற்றின் காம்புகளை பிஸ்மத் பசையால் அடைப்பது. நான் கவனிக்கும் பண்ணைகளில் இரண்டாவது வழிக்கு மாறிவிட்டேன். அதற்குச் சாதகமாகத்தான் எழுதுகிறேன்.

பழைய முறையில் சோதனை இல்லை, பதிவேடு இல்லை, வேலை சீக்கிரம் முடிகிறது. தொற்றில்லாத மடிக்கும் மருந்து போவதுதான் அதன் குறை. தேவையில்லாத மருந்து, மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கிறது என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி 28 முதல் வழக்கமாக ஆன்டிபயாட்டிக் கொடுப்பதையே தடைசெய்துவிட்டது.

எந்த மாட்டுக்கு மருந்து என்று தீர்மானிப்பது பலர் அஞ்சும் அளவுக்குக் கடினமில்லை. பாலில் ஒரு மில்லி லிட்டருக்கு 2 லட்சம் உடல் செல்களுக்கு (பெரும்பாலும் தொற்றை எதிர்க்க வரும் வெள்ளணுக்கள்) மேல் இருந்தால் தொற்று என்று கொள்வது பரவலான அளவுகோல். நெதர்லாந்தின் வரம்பு இன்னும் கடுமையானது: முதல் ஈற்று மாட்டுக்கு 1,50,000, மற்றவற்றுக்கு 50,000. மாதாந்திரப் பரிசோதனை வசதி இல்லாத இடத்தில், பாலில் ஒரு கரைசலைக் கலந்து அது கெட்டியாகிறதா என்று பார்க்கும் கலிபோர்னியா மடிநோய்ச் சோதனையை மாட்டின் பக்கத்திலேயே செய்துவிடலாம்.

வெற்றி தோல்வியை முடிவுசெய்வது சோதனை அல்ல, பசை ஏற்றுபவரின் கைச்சுத்தம். பால் வற்றியதும் காம்புத் துளையில் கெரட்டின் என்ற புரதத்தாலான அடைப்பு இயல்பாகவே உருவாக வேண்டும். அதிகம் கறக்கும் மாடுகளில் அது தாமதமாகிறது. சில காம்புகள் வாரக்கணக்கில் திறந்தே கிடக்கின்றன. பசை அந்தக் குறையை நிரப்புகிறது. ஆனால் அதில் கிருமியைக் கொல்லும் சக்தி எதுவும் இல்லை. சாணத்துணுக்கு ஒன்று கூடவே உள்ளே போனால், கிருமியை மடிக்குள் வைத்துப் பூட்டியதாகிவிடும். சாணத்தில் இருக்கும் இ.கோலை கிருமியால் வரும் மடிநோயில் மாடு சாகவும் கூடும். பால் வற்றும்போது ஏற்றும் க்ளாக்சசிலின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் இ.கோலையைத் தொடுவதே இல்லை என்பதால் பழைய முறையிலும் அழுக்குக் கை ஆபத்துதான். பசையை மட்டும் ஏற்றும்போது அது உடனே அம்பலமாகிறது.

ஆகவே நான் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. குளம்பு வெட்டும் வேலையோடு இதைச் சேர்க்கவே கூடாது. முழுவதும் கறந்து, கையுறை மாட்டி, ஒவ்வொரு காம்பின் நுனிக்கும் தனித்தனி ஆல்கஹால் பஞ்சு. பஞ்சில் அழுக்கு ஒட்டாதவரை துடைக்க வேண்டும். துடைக்கும்போது எட்டத்துக் காம்புகள் முதலில், ஏற்றும்போது கிட்டத்துக் காம்புகள் முதலில். இல்லையெனில் துடைத்த காம்பில் முழங்கை உரசும். பசைக்குழாயை வெதுவெதுப்பான நீரில் ஊறப்போடுவது கிருமியை விருந்துக்கு அழைப்பதற்குச் சமம். முனையைச் சில மில்லிமீட்டர் மட்டும் நுழைத்து, காம்பு மடியோடு சேரும் இடத்தை விரலால் இறுக்கிப் பிடித்து ஏற்ற வேண்டும். ஆன்டிபயாட்டிக்கைப் போல மடியை நோக்கி மேலே நீவிவிடக் கூடாது. பசை காம்பிலேயே தங்க வேண்டும். இதற்கு ஒதுக்க ஆளும் நேரமும் இல்லாத பண்ணைக்கு நான் இந்த முறையைச் சொல்வதில்லை.

கன்று ஈன்றதும் முதல் கறவையில் பசையைக் கையால் பீச்சி எடுத்துவிட வேண்டும். பிறகும் சில நாள் வெள்ளைத் துணுக்குகள் வரும். அதை மடிநோயில் வரும் பால் திரிகள் என்று எண்ணி மருந்து ஏற்றிவிடுகிறார்கள். பதிவேட்டில் குறித்திருந்தால் இந்தக் குழப்பம் வராது.

எருமைகளில் என் அனுபவம் குறைவு. செய்த சிலவற்றில் தொல்லை ஏதும் வரவில்லை, ஆனால் அதை வைத்து எருமைப் பண்ணைக்கு உறுதி சொல்ல மாட்டேன். மாட்டுக்கு மாடு தொற்றும் மடிநோய்க் கிருமியான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே ஒரு மந்தை முழுக்கப் பரவியிருந்தால், அதை ஒழிக்கும்வரை எல்லா மாட்டுக்கும் மருந்து என்ற பழைய வழியைத்தான் நானும் பின்பற்றுவேன்.