அம்மாவின் கடைவாய்ப் பல்லும் இரண்டு கிளினிக்குகளும்

இங்கிலாந்திலிருந்து லீவில் ஊருக்கு வந்தபோது விமானம், டாக்சி, சிம் கார்டு எல்லாம் ஒழுங்காகவே நடந்தன, அதை விடுங்கள். பாளையங்கோட்டையில் ஒரு பல் கிளினிக்கில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு இடது கீழ்க் கடைவாயில் வலி. இங்கிலாந்தில் என்ஹெச்எஸ் என்கிற அரசு மருத்துவச் சேவையில் பல் டாக்டர் கிடைப்பதற்குள் வலியே அலுத்துப் போய்விடும். ஊரில் போன்கூடச் செய்யாமல் போனோம். செருப்பைக் கழற்றிவிட்டு டோக்கன் வாங்கி உட்கார்ந்தால், சீரியலில் விளம்பரம் வருவதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். ஊர் ஊர்தான் என்று மனசு குளிர்ந்தது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "சொத்தை ஆழம். எடுத்துடலாம்." எக்ஸ்ரே கிடையாது. நர்ஸ் மரப்பு ஊசியை எடுத்தே வைத்துவிட்டார்.

"சார், அம்மாவுக்கு சுகர் இருக்கு. ஆஸ்பிரினும் சாப்பிடுறாங்க."

"ஒண்ணும் ஆகாது தம்பி. தினம் எத்தனை பல்லு எடுக்கோம்!"

"எலும்புத் தேய்மானத்துக்கு வருஷத்துக்கு ஒரு ஊசி போடுறாங்க..."

"அதுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?"

இருக்கிறது. எலும்புத் தேய்மானத்துக்கான அந்த ஜோலெட்ரோனிக் ஆசிட் ஊசி போட்டவர்களுக்குப் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். அபூர்வம்தான், ஆனால் தெரிந்துகொண்டு கை வைக்க வேண்டும். இங்கிலாந்தில் நாற்காலியில் ஏறும் முன்பே என்னென்ன மருந்து என்று படிவம் நீட்டுவார்கள். அம்மாவை இறக்கிக் கூட்டிவந்தேன். அவளுக்கோ என் மேல்தான் கோபம். "டாக்டர்கிட்டப் போயி வாக்குவாதம் பண்ணுத!"

மறுநாள் வண்ணார்பேட்டையில் ஒரு இளம் பெண் டாக்டர். மாத்திரைப் பையை அப்படியே மேஜையில் கொட்டச் சொன்னார். பிரஷர் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார், சுகர் டெஸ்ட் எழுதினார். வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்தால் பல் நிற்கும், எடுக்க வேண்டாம் என்றார். பல் எடுப்பதானாலும் ஆஸ்பிரினை நாமாக நிறுத்தக் கூடாதாம். எடுத்த அன்று கொப்பளிக்கவோ ஸ்ட்ராவில் உறிஞ்சவோ கூடாது. குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்தால் எலும்பு தெரிந்து உயிர் போகிற வலி வரும். இவ்வளவும் பொறுமையாக, அம்மாவைப் பார்த்தே சொன்னார்.

அப்புறம் ஒரு கேள்வி. "இந்தப் பக்கம் எதையாவது ஒதுக்கி வச்சுக்குவீங்களா, ஆச்சி?"

அம்மா திருதிருவென்று முழித்தாள். தொண்டைக்கு நல்லதென்று பனங்கற்கண்டை நாள் முழுக்க அந்தக் கன்னத்தில்தான் அடக்கி வைத்திருப்பாள். எவ்வளவு இனிப்பு தின்கிறோம் என்பதைவிட எவ்வளவு நேரம் வாயில் ஊறுகிறது என்பதுதான் பல்லுக்குக் கேடு என்றார் டாக்டர். அம்மாவின் மூலிகைப் பேஸ்டில், சொத்தை வராமல் காக்கிற ஃப்ளோரைடே இல்லை. ஆயிரம் பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) ஃப்ளோரைடு உள்ளதாக வாங்கி, ராத்திரி தேய்த்ததும் துப்பிவிட்டு, வாய் கொப்பளிக்காமல் அப்படியே படுக்கச் சொன்னார்.

"பனங்கற்கண்டு மருந்துல்லா" என்று ஆட்டோவில் ஏறியதிலிருந்து வீடு வரை முணுமுணுத்தாள். வேர் சிகிச்சை செய்த பல்லுக்கு மேலே கேப் போட அடுத்த வாரம் வரச் சொல்லியிருந்தார்கள். எனக்கு லீவு இல்லை. அக்காதான் கூட்டிப் போகிறாள்.